ஏட்டிலே ஒரு கோடு, காட்டிலே ஓர் ஏரி



பூகோளத் தேர்வு என்றாலே நம்மில் பலருக்கு மனம் சற்றுக் கலங்கும். அதிலும் நிலத்தோற்றப் படத்தைக் கையில் கொடுத்து, "இதில் சிகரத்தைக் காட்டு, பள்ளத்தாக்கைக் காட்டு, ஆறு எத்திசையில் ஓடுகின்றது என்று சொல்" என்று கேட்டால், பழுப்பு நிறத்தில் நெளிந்து நெளிந்து ஓடும் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் தலை சுற்றும். "இந்தக் கோடுகளைப் படித்து யாருக்கு என்ன பயன்?" என்று கேட்கும் மாணவியரும் உண்டு.

அந்தக் கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரை. அப்படிப்பட்ட ஒரே ஒரு கோடு பரந்த காட்டைத் தண்ணீருக்குள் ஆழ்த்தியது. மேற்கே ஓடிய ஆற்றின் நீரைக் கிழக்கே திருப்பி, வறண்ட வயல்களுக்குக் கொண்டு வந்தது. இரண்டு மாநிலங்களை இன்றுவரை பேச வைத்துக் கொண்டிருப்பதும் அதே கோடுதான். அந்தக் கோட்டின் வரலாற்றைக் காண்பதற்கு முன், இப்படங்களைப் படிக்கும் முறையைச் சற்று அறிந்து கொள்வோம்.

நிலத்தோற்றப் படம் என்பது யாது?

நாட்டுப் படத்தில் ஊர்களும் எல்லைகளும் மட்டுமே தெரியும். நிலத்தோற்றப் படம் அதனினும் நுட்பமானது. நிலம் எங்கே உயர்கின்றது, எங்கே தாழ்கின்றது, ஓடை எங்கே பிறக்கின்றது, ஒற்றையடிப் பாதை எதன் வழியே செல்கின்றது, கோயில் எங்கே, கிணறு எங்கே என்பதையெல்லாம் அது காட்டும். நம் நாட்டில் இப்படங்களை வெளியிடுவது இந்திய நில அளவைத் துறை. 1767-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பழம்பெரும் துறை இது.

பழைய படங்கள் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரையப்பட்டன. ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். ஆகவே நிலத்தில் உள்ளதைவிட 63,360 மடங்கு சுருக்கிய படம் அது. மெட்ரிக் முறை வந்த பிறகு 50,000 மடங்கு சுருக்கிய படங்கள் வந்தன. இவற்றில் 2 சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 1 கிலோமீட்டர்.

இப்படங்களில் நிறத்துக்கும் பொருள் உண்டு. நீர்நிலைகள் நீலம், காடு பச்சை, பயிர் நிலம் மஞ்சள், சாலைகளும் வீடுகளும் சிவப்பு, ஊர்ப் பெயர்களும் எல்லைகளும் கருப்பு. நம்மைப் பயமுறுத்தும் அந்த நெளிகோடுகள் மட்டும் பழுப்பு. அவைதாம் சம உயரக் கோடுகள்.

உருளைக்கிழங்கில் ஒரு பாடம்

சம உயரக் கோட்டைப் புரிந்து கொள்ள, அம்மாவிடம் கேட்டுப் பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு தட்டையான பாத்திரத்தில் வையுங்கள். அதுதான் மலை. இப்போது ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கிழங்கைத் தொடும் விளிம்பை ஊசியால் கீறிச் சுற்றிலும் குறியுங்கள். இன்னும் ஒரு விரற்கடை ஊற்றி மறுபடியும் குறியுங்கள். உச்சி வரும் வரை இப்படியே செய்யுங்கள்.

பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிழங்கை நேர் மேலிருந்து பாருங்கள். வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் தெரியும். ஒரு கோட்டின் மீதுள்ள எல்லா இடங்களும் ஒரே உயரத்தில் இருப்பவை. கிழங்கு செங்குத்தாகச் சரியும் பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும். மெல்லச் சரியும் பக்கத்தில் விலகியிருக்கும். படத்திலும் இதே விதிதான். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மெல்லிய சரிவு.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். அசையாத நீரின் விளிம்பு எப்போதும் ஒரு சம உயரக் கோடே. குளக்கரையில் நின்று தண்ணீர் மண்ணைத் தொடும் இடத்தைப் பார்த்தால், நீங்கள் காண்பது இயற்கை அன்னை தன் கையாலேயே வரைந்து காட்டும் சம உயரக் கோடாகும். இந்த உண்மையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மழைத்துளி எந்தப் பக்கம் ஓடும்?

மலை முகட்டில் இரண்டு மழைத்துளிகள் அருகருகே விழுகின்றன. ஒன்று இந்தப் பக்கம் உருண்டு ஓர் ஆற்றிலும், மற்றொன்று அந்தப் பக்கம் உருண்டு வேறோர் ஆற்றிலும் சேர்கின்றது. நம் வீட்டுக் கூரையின் முகடு மழை நீரை இரு தாழ்வாரங்களுக்கும் பிரித்து அனுப்புவது போன்றதே இது. அந்த முகட்டுக் கோட்டுக்கு நீர்ப்பிரிமேடு என்று பெயர். ஓர் ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும்.

படத்தில் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஓடையைக் கடக்கும் இடத்தில் சம உயரக் கோடு மடங்கி, அதன் முனை ஓடை வரும் மேட்டுத் திசையைக் காட்டும். முகட்டைக் கடக்கும் இடத்திலோ முனை கீழ்நோக்கிக் காட்டும். கீழ்நோக்கும் முனைகளையெல்லாம் உச்சியிலிருந்து உச்சிக்குப் பென்சிலால் இணைத்துக் கொண்டே போனால் நீர்ப்பிரிமேடு கிடைத்துவிடும். அந்தப் பென்சில் கோட்டுக்குள் விழும் மழையெல்லாம் ஒரே ஆற்றுக்குச் சொந்தம்.

பெரியாற்றின் மலைக்காடு

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில், சிவகிரி மலைப் பகுதியில் பெரியாறு பிறக்கின்றது. மனிதர் அதிகம் புகாத அடர்ந்த காட்டினூடே வடக்கு நோக்கி ஓடி முல்லையாற்றோடு சேர்ந்து, பின்னர் மேற்கே திரும்பி, கேரளம் முழுவதையும் கடந்து அரபிக் கடலில் கலக்கின்றது. இதன் மொத்த நீளம் 244 கிலோமீட்டர். முல்லையாறு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே கட்டப்பட்டதால்தான் அணைக்கு முல்லைப் பெரியாறு என்ற பெயர். அந்த அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 624 சதுர கிலோமீட்டர்.

தென்மேற்குப் பருவக் காற்று மழையைக் கொட்டும் பக்கம் இது. கிழக்கே நீர்ப்பிரிமேட்டைத் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே காற்று மழையை இழந்து வறண்டு இறங்குகின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளம் பயனின்றிக் கடலுக்குப் போக, இந்தப் பக்கம் வைகை மணல் காய்ந்து கிடந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் தம் பாட்டிமாரிடமிருந்து கேட்டிருப்பார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

எண்ணம் புதியதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை ஆட்களை அனுப்பி இந்த மலையை ஆராய்ந்தார் என்பது வரலாறு. 1808-ஆம் ஆண்டில் கால்டுவெல் என்ற சென்னைப் பொறியாளர் படைத் தலைவர் இதனை ஆராய்ந்தார். ஆறு பள்ளத்தில் ஓடுகின்றது, மேடு உயரத்தில் நிற்கின்றது. நீர் தானே கிழக்கே பாய வேண்டுமானால் நூறடிக்கும் மேல் ஆழமாக மேட்டை வெட்ட வேண்டும். இது நடவாத காரியம் என்று அவர் முடிவு எழுதிவிட்டார்.

காட்டை அளந்தவர்கள்

ஒரு மலையின் உயரத்தை அறியாமல் அதில் நீரைத் திருப்ப முடியாது. அறிவதற்கோ அளக்க வேண்டும். அளப்பது எளிதா?

1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்து, மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் என்று கணித வகுப்பில் படிக்கின்றோம் அல்லவா? அதே கணக்குதான். கோணம் அளக்கும் தியோடலைட் என்ற கருவி அரை டன் எடை கொண்டது. மலையில்லாத இடங்களில் கோயில் கோபுரங்களின் மீதும் அதனை ஏற்றினர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்ததும், லாம்டன் அதனைத் தாமே பொறுமையுடன் செப்பனிட்டதும் புகழ்பெற்ற செய்திகள்.

இந்தப் பெரிய முக்கோணங்களுக்குள் நுட்பமாகப் படம் வரைவதற்கு வேறு குழுக்கள் சென்றன. வார்டு, கானர் என்ற இரு இராணுவ அளவையாளர்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். பெரியாற்றின் மலைகளும் அதில் அடக்கம். பின்னர் 1821-இல் வார்டு பழனி மலையையும் அளந்தார்.

அந்நாளைய படங்களில் சம உயரக் கோடுகள் இல்லை. சரிவு இறங்கும் திசையில் சிறு சிறு கீற்றுகளைத் தூரிகையால் இட்டு மலையைக் காட்டுவர். பார்க்க அழகாக இருக்கும். கம்பளிப் பூச்சி ஊர்வது போலவும் இருக்கும். ஆனால் எத்தனை அடி உயரம் என்று கேட்டால் அந்தப் படத்தில் பதில் இராது. சம உயரக் கோடுகளுடன் பல வண்ணத்தில் அச்சான படங்கள் நம் நாட்டில் பரவலாக வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

உயரம் காண அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று நம் அடுப்பங்கரைக்கே உரியது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி சென்டிகிரேடு குறையும். ஆகவே முகட்டில் அமர்ந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெப்பமானியைப் பார்த்து, மலையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். கொடைக்கானலில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதுவே காரணம்.

படத்தின் ஓரத்தில் அதிகாரிகளின் பெயர் அச்சாகும். ஆனால் அவர்களுக்கு முன்னே புதர் வெட்டி வழி உண்டாக்கியவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், எதிர்மலையில் கொடி பிடித்து நின்றவர்கள், கருவிப் பெட்டிகளைத் தலையில் சுமந்தவர்கள் நம் நாட்டு உழைப்பாளிகள். மலைக்காய்ச்சலுக்கு மருந்து அரிதாயிருந்த காலம் அது. அட்டையும் யானையும் ஒருபுறம், காய்ச்சல் ஒருபுறம். படத்தில் ஒரு கோடு நீள்வதற்கு மனிதர் தம் உடல்நலத்தையும் சில வேளைகளில் உயிரையும் கொடுத்தனர்.

155 அடிக் கோடு

கால்டுவெல் நடவாது என்று விட்டதைப் பின்வந்தவர்கள் வேறு விதமாகச் சிந்தித்தனர். மேட்டை ஆற்றின் மட்டத்துக்கு வெட்டி இறக்குவதற்குப் பதிலாக, ஆற்று நீரை மேட்டின் மட்டத்துக்கு உயர்த்தினால் என்ன? ஆற்றுக்குக் குறுக்கே உயர்ந்த அணை கட்டினால் நீர் பின்னே தேங்கி உயரும். பிறகு நீர்ப்பிரிமேட்டில் ஒரு சுரங்கம் குடைந்தால் நீர் தானே கிழக்கே பாயும். கிழக்கே ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட இறக்கம் காத்திருக்கின்றது.

1850-இல் சிறிய அளவில் தொடங்கிய வேலை நோயினாலும் கூலிச் சிக்கலாலும் நின்றுபோயிற்று. 1882-இல் இப்பணி பென்னிகுயிக் என்ற பொறியாளரிடம் வந்தது. அணை எவ்வளவு உயரம் வேண்டும், சுரங்கம் எந்த மட்டத்தில் வேண்டும், நீர் எதுவரை பரவும் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். காட்டில் நீர் தேங்குவதற்கு முன்பே ஏட்டில் நீரைத் தேக்கிப் பார்க்க வேண்டும். அதற்குச் சம உயரக் கோட்டைத் தவிர வேறு துணை ஏது?

அந்த நிலம் அப்போது திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் ஒரு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காலம் 999 ஆண்டுகள். நிலம் ஏறத்தாழ 8,000 ஏக்கர். குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், அதாவது மொத்தம் 40,000 ரூபாய்.

வீட்டு மனைப் பத்திரம் எழுதும்போது நான்கு எல்லையும் குறிப்பார்கள்: கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே இன்ன வாய்க்கால் என்று. அடர்ந்த காட்டின் நடுவில் எதை எல்லையாகச் சொல்வது? அங்கே வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் எல்லையாகக் குறிக்கப்பட்டது ஒரு சம உயரக் கோடு! அணை கட்டும் இடத்தில் ஆற்றுப் படுகையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் செல்லும் கோடு. அதற்கு உட்பட்ட நிலம் முழுவதும் குத்தகை நிலம். ஒப்பந்தத்தோடு ஒரு படமும் இணைக்கப்பட்டு, அந்த நிலம் அதில் நீல வண்ணத்தில் காட்டப்பட்டது.

சற்றே எண்ணிப் பாருங்கள். 1886-இல் அந்த இடம் பசுமையான காடு. யானை மேயும் சதுப்பு, பறவை கூடு கட்டும் மரம், மான் நீர் பருகும் ஓடை. ஆனால் ஏட்டில் அது ஏற்கெனவே நீலமாகிவிட்டது.

அடுத்த ஆண்டு அணை வேலை தொடங்கியது. ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வேலையைக் குலைத்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கலவையால் 1,200 அடி நீளத்தில் சுவர் எழும்பியது. ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைந்தது. காய்ச்சலுக்கும் காலராவுக்கும் நூற்றுக்கணக்கானோர் பலியாயினர். அணையின் அருகே காட்டில் அவர்களின் கல்லறைகள் உள்ளன. 1895-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். அரபிக் கடலுக்குப் போகவிருந்த நீர் மேட்டைத் துளைத்துக் கொண்டு சுருளியாற்றில் விழுந்து, வைகையில் கலந்தது.

கோட்டுக்குக் கீழே

தேக்கடிக்குச் சுற்றுலா சென்ற மாணவியருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஏரியின் நடுவே கரிய மரக்கட்டைகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் மீது நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக் கொண்டிருக்கும். படகில் செல்வோர் அவற்றின் அழகைப் படம் பிடிப்பார்கள். அவை யாரோ நட்ட கம்பங்கள் அல்ல. 155 அடிக் கோட்டுக்குக் கீழே நின்ற காரணத்தால் நீரில் மூழ்கி மடிந்த மரங்கள் அவை. நூற்றாண்டுக்கு மேலாகியும் அவற்றின் அடிமரங்கள் நின்றுகொண்டே இருக்கின்றன. கோட்டுக்கு மேலே நின்ற மரத்தின் வழிவந்த மரங்கள் இன்றும் கரையில் தழைத்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சில அடி உயரமே.

அந்த ஏரி வட்டமாகவோ சதுரமாகவோ இல்லாமல், கைவிரல்களை விரித்தாற் போல் காட்டுக்குள் நீண்டு நீண்டு கிடப்பதற்கும் இப்போது காரணம் புரிந்திருக்கும். ஒவ்வொரு விரலும் ஒரு பழைய ஓடைப் பள்ளம். கோடு எப்படியெல்லாம் வளைந்ததோ, ஏரியும் அப்படியெல்லாம் வளைந்தது. கோட்டுக்கு மேலே தலை நீட்டிய குன்றுகள் தீவுகளாயின.

ஏரியைச் சுற்றியுள்ள காடு 1934-இல் திருவிதாங்கூர் அரசால் விலங்குகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1978-இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். காட்டை மூழ்கடித்த நீரே, எஞ்சிய காட்டு விலங்குகளுக்குக் கோடையில் தாகம் தீர்க்கின்றது. இங்கே நன்மையும் தீமையும் ஒரே கரையில் நிற்கின்றன.

கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைப் பகுதியிலும் இந்நீரால் நெல் விளைகின்றது. தேனி, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியரின் வீட்டு உலையிலும் குடத்திலும் இருப்பது பெரும்பாலும் அந்த மலைக்காட்டு மழைதான். கம்பம் பகுதி உழவர்கள் ஆண்டுதோறும் ஜனவரி 15-இல், பென்னிகுயிக் பிறந்த நாளில், அவர் பெயரால் பொங்கல் வைத்து நன்றி கூறுகின்றனர்.

இவ்வளவு நன்மையும் விளைந்த இடத்தில் கவலையும் உண்டு. அணை பழைமையானது என்பதால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் கேரள மக்கள் அஞ்சுகின்றனர். நீர் குறைந்தால் வயல் காயும் என்று தமிழ்நாட்டு உழவர்கள் அஞ்சுகின்றனர். 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், 2006-இலும் 2014-இலும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று கூறியதும் செய்தித்தாளில் வந்தவை. இந்த 136, 142 என்பவையும் சம உயரக் கோடுகளே அல்லவா? இரு பக்கத்திலும் இருப்பவர்கள் தாய்மார்களும் குழந்தைகளுமே. எனவே இதைப் பேசும்போது எந்தப் பக்கத்தாரையும் இழித்துப் பேசாமல், அளவையும் உண்மையையும் அறிந்து பேசுவதே படித்த பெண்களுக்கு அழகு.

படத்தில் இல்லாதவை

படம் பொய் சொல்லாது என்போம். ஆனால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 50,000 மடங்கு சுருக்கிய படத்தில் 10 மீட்டர் அகலமுள்ள வீடு 0.2 மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். ஒரு குடிசைக்கு அதில் இடம் ஏது?

பெரியாற்றின் காட்டில் மன்னான், பளியர், ஊராளி முதலிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், யானை எந்த வழியே இறங்கும், தேன் எந்தப் பாறையில் கட்டும் என்பவை அவர்கள் மனத்தில் எழுதியிருந்த படங்கள். அளவையாளருக்கு வழி காட்டியவர்களும் இத்தகைய மலைமக்களே. ஆனால் காட்டைக் குத்தகைக்கு எழுதியபோது அவர்களுடைய கையெழுத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களின் வழிவந்தோர் பலர் இன்று தேக்கடிக் காட்டில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபுரிகின்றனர். முன்னோர் அறிந்த பாதை இன்றும் உதவுகின்றது.

பெயர்களும் அப்படியே. மலைமக்கள் சொன்ன பெயரை அதிகாரி தம் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் எழுதுவார். அது அச்சாகித் திரும்பி வரும்போது சொன்னவருக்கே அடையாளம் தெரியாது. உதகமண்டலம் ஊட்டியாகச் சுருங்கிய கதை நமக்குத் தெரிந்ததுதானே!

நில அளவைப் படங்களில் ஒரு நேர்மையான வழக்கம் உண்டு. நன்றாக அளந்த இடத்தில் சம உயரக் கோடு முழுக் கோடாக இருக்கும். அணுக முடியாத பாறை, காடு ஆகியவற்றில் உத்தேசமாக வரைந்திருந்தால் அங்கே விட்டு விட்டு வரைந்த கோடாக இருக்கும். "இதுவரை அளந்தேன், இதற்கு மேல் உத்தேசம்" என்று படம் தானே ஒப்புக்கொள்கின்றது. நாம் எழுதும் விடைத்தாளிலும் பேசும் பேச்சிலும் இந்த நேர்மை வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பழைய படத்தால் இன்று என்ன பயன்?

பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், காடு எங்கே தேயிலைத் தோட்டமாயிற்று, ஓடை எங்கே மறைந்தது, பள்ளத்தில் எங்கே வீடுகள் பெருகின என்பது தெரியும். இது வெறும் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் மீது மலை சரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில், மலையுச்சியில் கிளம்பிய மண்ணும் பாறையும் ஓடை வழியே கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்து, உறங்கிக் கொண்டிருந்த ஊர்களை அழித்தன. கோடுகள் நெருங்கிய சரிவு எது, அதன் கீழே ஓடை எவ்வழி இறங்குகின்றது, அந்த வழியில் வீடு இருக்கின்றதா என்பதைப் படம் முன்பே காட்டும். படிக்கத் தெரிந்தவர் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவர் கேட்கவும் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டு மனை வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்க்கின்றோம். அந்த மனை முன்பு ஏரியின் உள்வாயா, ஓடைப் பள்ளமா என்று பழைய படத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. நீர் தன் பழைய வழியை எளிதில் மறப்பதில்லை.

செய்து பாருங்கள்

மாணவியரே, இந்த விடுமுறையில் உங்கள் ஊருக்குரிய நிலத்தோற்றப் படத்தைத் தேடிப் பாருங்கள். எண் கண்டுபிடிப்பது கடினமன்று. பழைய முறைப்படி இந்தியாவை நான்கு பாகை நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து எண் இட்டனர். ஒவ்வொன்றையும் பதினாறாக்கி ஆங்கில எழுத்து இட்டனர். அதையும் மீண்டும் பதினாறாக்கி எண் இட்டனர். பெரியாற்று அணை இருப்பது 58 ஜி 2 என்ற தாளில். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கெனப் புதிய வரிசைப் படங்களும் வெளிவந்துள்ளன.

படம் கிடைத்ததும் முதலில் உங்கள் ஊரின் குளத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அக்குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்று சம உயரக் கோடுகளைப் பின்பற்றி மேலே மேலே செல்லுங்கள். நீர்ப்பிரிமேட்டைப் பென்சிலால் வரையுங்கள். அந்தக் கோட்டுக்குள் இப்போது என்னென்ன இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் ஓடைகளின் பழைய பெயர்களைக் கேட்டு, படத்தில் இல்லாதவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக் கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றார்கள்.

நாளை உங்களில் ஒருத்தி பொறியாளராக, ஆட்சியராக, ஊராட்சித் தலைவியாக அமர்ந்து, ஒரு படத்தின் மீது கோடு இழுக்க நேரலாம். அன்று கோட்டுக்கு மேலே இருப்போர் யார், கீழே இருப்போர் யார் என்று கேட்ட பின்னரே கையெழுத்து இடுங்கள்.